நாலு நிபுணர்கள் நேரலையில் மொழிகளை ஒப்பிட்டார்கள், பிஎச்பிக்காரன் நான் இப்போது என்ன செய்ய?

பாத்திரக்கடை_பில் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது இரண்டு பேர் கம்பெனி, நானும் சித்தப்பா மகனும். மொத்த வியாபாரப் பாத்திரக் கடைகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர், 40 கடைகளில் ஓடுகிறது. முழுக்க பிஎச்பி மொழி, டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். 2014-ல் எழுத ஆரம்பித்தது, இன்னும் பிஎச்பி 5.6 பதிப்பிலேயே நிற்கிறது. திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.

போன சனிக்கிழமை ராத்திரி தம்பி ஒரு நேரலை விவாதத்தைப் போட்டுக் காட்டினான். ஓப்பன் சோர்ஸ் மொழிகளில் எது சிறந்தது என்று நாலு பேர், ஆளுக்கு ஒரு மொழி. ரஸ்ட்காரர் மெமரி பாதுகாப்பு (மெமரியைத் தப்பாகக் கையாளுகிற பிழைகள் வராமல் தடுப்பது) பற்றிப் பேசினார், கோ மொழிக்காரர் எங்களுக்கு கம்பைல் ஆகிற நேரத்தில் டீ கூட ஆறாது என்றார், பைதான்காரர் ஏஐ முழுக்க எங்கள் பக்கம்தான் என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். ஜாவாக்காரர் பாவம், பாதி நேரம் "அது பழைய ஜாவா, இப்போது அப்படி இல்லை" என்று விளக்குவதிலேயே போய்விட்டது. பிஎச்பி பெயர் ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் சிரிப்பு மூட்டத்தான். கடைசியில் நெறியாளர் "சரி, புதிதாக ஒருவர் எதை எடுக்கலாம்?" என்று கேட்க, நாலு பேரும் ஒரே குரலில் தேவையைப் பொறுத்தது என்றார்கள். இதைக் கேட்க ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்கு ரஸ்ட் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் அதில் திருப்பி எழுதணும் என்கிறான். எனக்கு இருக்கிற தொல்லைகள் இவைதான்: மாதக் கடைசியில் ஸ்டாக் ரிப்போர்ட் வர 50 விநாடிக்கு மேல் ஆகிறது. தமிழில் ஐட்டம் பெயர் போட்டால் பில்லில் பாதியில் வெட்டுப்படுகிறது, "பித்தளைக் குடம்" என்று போட்டால் "பித்தளைக்" வரைக்கும் வந்து, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அப்புறம் கடைக் கம்ப்யூட்டரில் பிரிண்டரோடு பேசுவதற்கு ஒரு குட்டி புரோகிராம் வைத்திருக்கிறோம், அதற்காக ஒவ்வொரு கடையிலும் போய் பிஎச்பியை நிறுவ வேண்டியிருக்கிறது. மொழியை மாற்றினால் இதெல்லாம் போய்விடுமா?

---

எக்ஸ்ப்ளெய்ன்_போடு பதில்:

50 விநாடிக்கும் பிஎச்பிக்கும் சம்பந்தம் இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். ரிப்போர்ட் கோடில் திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு லூப் இருக்கும், அந்த லூப்புக்குள் ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்வி, இருக்கும். ஐட்டம் பட்டியலை ஒரு குவெரியில் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் விற்றது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று தனித்தனியாக டேட்டாபேஸிடம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 2000 ஐட்டம் என்றால் 4000 தடவை போய்வருகிறது. இதை ரஸ்ட்டில் எழுதினாலும் அந்த 4000 தடவை போய்த்தான் வரணும். காத்திருப்பதில் ரஸ்ட்டும் பிஎச்பியும் ஒரே வேகம்.

குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் என்று ஒரு வார்த்தை போட்டு ஓட்டுங்கள். பில் தேதியில் இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவுகிற அட்டவணை) இல்லை என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பிறகு வந்து சொல்லுங்கள்.

ஆனால் 5.6-ஐ விட்டு வெளியே வாருங்கள் அண்ணா, அதுதான் நிஜமான ஆபத்து. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2018 டிசம்பரோடு நின்றுபோச்சு. 2015 டிசம்பரில் 7.0 வந்தபோதே ஒரு வரி மாற்றாமல் பல தளங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடின. மேடையில் சிரித்தவர்கள் மனதில் இருப்பது நீங்கள் வைத்திருக்கிற அந்தப் பழைய பிஎச்பிதான், 8 அல்ல.

மாறும்போது இரண்டு இடத்தில் அடி விழும். பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் 7.0-லேயே தூக்கப்பட்டுவிட்டன, அதைக் கத்திக் காட்டும், பரவாயில்லை. கத்தாமல் கழுத்தறுப்பது இன்னொன்று. 8-க்கு முன்னால் பூஜ்யமும் "ஏபிசி" என்கிற எழுத்துச் சரமும் சமமா என்று இரண்டு சமக்குறி போட்டுக் கேட்டால் ஆமாம் என்று சொல்லும். 8-ல் இல்லை என்று சொல்லும். நாங்கள் மாறியபோது தள்ளுபடிக் குறியீடு இல்லாத பில்களுக்கெல்லாம் கணக்கு மாறி வந்தது, கண்டுபிடிக்க இரண்டு நாள். எழுத்தும் எண்ணும் கலந்து ஒப்பிடுகிற இடங்களை முதலில் தேடிப் பிடித்து மூன்று சமக்குறி (வகையும் ஒன்றா என்று சேர்த்துப் பார்ப்பது) ஆக்குங்கள்.

---

மெய்யெழுத்து பதில்:

இரண்டாவது தொல்லைக்கு நான். மொழி ஒப்பீட்டு விவாதம் எதிலும் வராத விஷயம் இது, எனக்கு இருக்கிற நிரந்தரக் கடுப்பும் இதுதான்.

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. யூனிகோடில் அது ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. இப்போது ஒவ்வொரு மொழியிடமும் நீளம் கேட்டுப் பாருங்கள். பிஎச்பியில் நீளம் சொல்கிற சாதாரண ஃபங்ஷன் ஸ்ட்ர்லென் 15 என்கிறது. கோ மொழியும் 15, ரஸ்ட்டும் 15. பைதான் 3-ல் 5, ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் 5. எதையும் சேர்க்காமல் 3 என்று சரியாகச் சொல்கிறவை ஸ்விஃப்ட், எலிக்சர், ராகு மாதிரிச் சில மொழிகள்தான். ராகு என்பது நவக்கிரகம் இல்லை, பெர்ல் 6 என்று 15 வருஷம் இழுத்து 2015 கிறிஸ்துமஸுக்கு வெளிவந்து, 2019-ல் பெயர் மாற்றிக்கொண்ட மொழி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்கிற பதிலைச் சொல்லத் தெரிந்ததற்காகவே எனக்கு அதன் மேல் ஒரு பாசம். வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

உங்கள் பித்தளைக் குடத்துக்கு வருவோம். பெயருக்கு 30 இடம் ஒதுக்கி வெட்டியிருப்பீர்கள், சரியா? "பித்தளைக்" 27 பைட், இடைவெளியோடு 28. அடுத்து வருகிற "கு"வில் உள்ள ககரத்துக்கு 3 பைட் வேணும், உங்களிடம் மீதி இருப்பது 2. அந்த அரைகுறை ககரம்தான் கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கிற கேள்விக்குறி.

இதையே கோ மொழியில் 30 என்று வெட்டினால் அதே குப்பைதான், சத்தம் போடாமல் வரும். ரஸ்ட்டில் வெட்டினால் இந்த இடம் எழுத்தின் எல்லை இல்லை என்று சொல்லி புரோகிராமே விழுந்துவிடும், அதாவது தீபாவளிக்கு முதல் நாள் கூட்டத்தில் பில் கவுண்டர் நிற்கும். அதுவும் ஒரு வகையில் நேர்மைதான், ஆனால் கடைக்காரரிடம் அந்த நேர்மையை விளக்க முடியாது. பைதானில் 11 என்று வெட்டினால் கேள்விக்குறி வராது, "பித்தளைக் க" என்று வரும், உகரம் காணாமல் போயிருக்கும். இது இன்னும் மோசம், ஏனென்றால் பார்த்தால் சரியாக இருப்பது போலவே தெரியும்.

பிஎச்பியிலேயே வழி இருக்கிறது, 5.3 காலத்திலிருந்து. இன்டில் என்கிற எக்ஸ்டென்ஷனை ஆன் செய்துவிட்டு, கிராஃபீம் என்று தொடங்குகிற ஃபங்ஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கணக்கில் "பித்தளைக் குடம்" இடைவெளியோடு 9. புள்ளியையும் கொம்பையும் பிரிக்காது. பைதானில் இதே வேலைக்கு ஓப்பன்-தமிழ் என்று ஒரு திறந்த மூல லைப்ரரி இருக்கிறது.

இன்னொரு குழி. "கொ" என்பதை ஒரே கொம்புக் குறியாகவும் சேமிக்கலாம், முன் கொம்பு, பின் கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. "கொப்பரை" என்று தேடினால் ஒரு கொப்பரை கிடைத்து மற்றொரு கொப்பரை கிடைக்காமல் போனால் காரணம் இதுதான். சேமிக்கும் முன்பு நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், அதுவும் அதே இன்டிலில் இருக்கிறது.

இவ்வளவு செய்தாலும் பில்லில் வரிசை நேராக நிற்காது. "ளை" அகலம், "ம்" ஒல்லி, எழுத்தை எண்ணி இடைவெளி விட்டு எப்படி நேராக்குவது? நாங்கள் கடைசியில் பில்லைப் படமாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்புகிறோம். அப்படி வரைகிற லைப்ரரிக்குத் தமிழ் கொம்புகளை இடம் மாற்றத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் "ளை" என்பதில் ளகரம் முதலில் வந்து கொம்பு பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாங்கோ என்கிற லைப்ரரி இதைச் சரியாகச் செய்யும்.

---

துரு_பிடித்தவன் பதில்:

பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் ரஸ்ட் கட்சி. நாலு வருஷமாகச் சம்பளமே அதில்தான். தம்பியிடம் என் சார்பாகச் சொல்லுங்கள்: வேண்டாம்.

ரஸ்ட் பந்தயம் ஓடுவது பிஎச்பியோடு இல்லை, சியோடும் சி++-ஓடும். மெமரி பாதுகாப்பு என்று அந்த மனிதர் மேடையில் பேசியிருப்பார், உண்மைதான், ஆண்ட்ராய்டில் புதுக் கோடை ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுத ஆரம்பித்த பிறகு, பாதுகாப்பு ஓட்டைகளில் மெமரி பிழைகளின் பங்கு 2019-ல் 76 சதவீதமாக இருந்தது 2024-ல் 24 சதவீதமாக இறங்கியதாக கூகுளே எழுதியிருக்கிறது. ஆனால் உங்கள் பில் புரோகிராமில் அந்த வகைப் பிழை ஏற்கெனவே கிடையாது, பிஎச்பி மெமரியைத் தானே பார்த்துக்கொள்கிறது. இல்லாத நோய்க்கு எதற்கு மாத்திரை?

மொழி மாற்றியதால் நிஜமாகவே பயன் கிடைத்த கதையும் இருக்கிறது. டிஸ்கார்ட் என்கிற அரட்டைச் செயலிக்காரர்கள் ஒரு சர்வீஸை கோ மொழியிலிருந்து ரஸ்ட்டுக்கு மாற்றியதை 2020-ல் எழுதினார்கள். யார் எந்தச் செய்தி வரைக்கும் படித்தார்கள் என்று நினைவு வைத்திருக்கிற சர்வீஸ் அது, கோடிக்கணக்கான பதிவுகள் மெமரியிலேயே கிடக்கும். கோ மொழியின் குப்பை பொறுக்கி (கார்பேஜ் கலெக்டர், தேவைப்படாத மெமரியைத் தானாக விடுவிக்கிற பகுதி) இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் எழுந்து அத்தனையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போகும், அந்த நேரத்தில் எல்லாம் ஒரு குதி குதிக்கும். அளந்து பார்த்தார்கள், காரணம் தெரிந்தது, குப்பை பொறுக்கியே இல்லாத மொழிக்குப் போனார்கள். 40 பாத்திரக் கடைக்கு அந்தக் கவலை வர நாள் ஆகும்.

தம்பி நிபுணர் ஒப்பீடு கேட்கணும் என்றால், 2025 மார்ச்சில் நடந்த டைப்ஸ்கிரிப்ட் சங்கதியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட்டின் மேல் கட்டிய மொழி, அதன் கம்பைலரை வேறு மொழிக்கு மாற்றுகிறோம் என்று ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் அறிவித்தார். அவர் யார்? டர்போ பாஸ்கல் எழுதியவர், சி ஷார்ப் வடிவமைத்தவர், டைப்ஸ்கிரிப்ட்டும் அவர் தலைமையில் வந்ததுதான். அவர் தேர்ந்தெடுத்தது சி ஷார்ப் இல்லை, ரஸ்ட்டும் இல்லை, கோ மொழி. எங்கள் ஆட்கள் இணையம் முழுக்கப் பொங்கினார்கள், நானும் கொஞ்சம் பொங்கினேன். அவர் சொன்ன காரணம் சப்பென்று இருந்தது: இருக்கிற கோடின் அமைப்பை அப்படியே பெயர்த்து வைக்கணும், அதில் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு வட்டமடிக்கிற டேட்டா நிறைய, அதற்குக் குப்பை பொறுக்கி இருந்தால் நல்லது, கோ மொழியில் வரிக்கு வரி ஒத்துப்போகிறது. விஎஸ் கோட் என்கிற எடிட்டரின் 15 லட்சம் வரிகளைச் சரிபார்க்க 77.8 விநாடி ஆனது, 7.5-க்கு வந்தது. தான் பெற்ற பிள்ளையை ஒதுக்கிவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்ட மனுஷன், அந்தப் பேச்சில் இருக்கிற விஷயம் உங்கள் ஒன்றரை மணி நேரத்தில் இருந்திருக்காது.

சரி, மூன்றாவது தொல்லைக்கு என் பதில்: கோ மொழி. பிரிண்டர் புரோகிராமை மட்டும் அதில் எழுதுங்கள். லினக்ஸிலிருந்தே விண்டோஸுக்கு ஒற்றை இஎக்ஸ்இ ஃபைல் உருவாக்கலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பி இரட்டை கிளிக் செய்யச் சொன்னால் முடிந்தது. ரஸ்ட்டிலும் முடியும், ஆனால் தம்பி கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

---

ஷிப்ட்_முடிந்தது பதில்:

எல்லோரும் நல்லபடியாகச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் வம்பு இழுக்கிறேன். மொழி எதுவானாலும் ஒன்றுதான் என்பது பாதி உண்மை. ஓப்பன் சோர்ஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் யார் கையில் இருக்கிறது என்பதில் ஒவ்வொன்றும் வேறு. கூகுளில் பிறந்த மொழி கோ, இன்றைக்கும் கடிவாளம் பெரும்பாலும் அங்கேதான். ரஸ்ட்டை வளர்த்த மொசில்லா 2020-ல் ஆட்குறைப்பு செய்தபோது அந்த மொழி என்ன ஆகுமோ என்று பயந்தவர்களில் நானும் ஒருவன், அடுத்த வருஷம் தனி ஃபவுண்டேஷன் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. பைதானில் அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018-ல், ஒரு சின்ன குறியீட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்கிற சண்டையில் வெறுத்துப்போய் ஒதுங்கினார், இப்போது ஐந்து பேர் குழு பார்க்கிறது. பிஎச்பியில் மையப் பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்த ஒருவர் 2021-ல் வேறு வேலைக்குப் போனபோதுதான், இத்தனை பெரிய கட்டடம் இரண்டு மூன்று தூண்களில் நிற்கிறது என்று எல்லோருக்கும் உறைத்து, அவசரமாக ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பித்தார்கள்.

பத்து வருஷம் ஓடப்போகிற சரக்குக்கு இதைக் கேட்காமல் வேகத்தை மட்டும் கேட்பது, மாப்பிள்ளை பைக் எத்தனை சிசி என்று மட்டும் விசாரிப்பது மாதிரி. அந்த வகையில் பிஎச்பி இன்றைக்கு மோசமில்லை. பழைய கோடை உடைக்காமல் இருப்பதில் கோ மொழிக்காரர்கள் 2012-ல் 1.0 வெளியிட்டபோது கொடுத்த வாக்கை இதுவரை காப்பாற்றி வருகிறார்கள், அதையும் சொல்லணும். உங்கள் பிரிண்டர் புரோகிராமுக்கு அது முக்கியம்.

துரு தம்பி, டைப்ஸ்கிரிப்ட் உதாரணம் அருமை. ஆனால் அந்த வேகத்தில் ஏறக்குறைய பாதி, பிராசஸரின் பல கோர்களில் ஒரே சமயம் ஓட்டியதால் வந்தது, மொழி மாற்றியதால் மட்டும் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

துரு_பிடித்தவன் பதில்:

ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் பத்து மடங்கு.

---

பாத்திரக்கடை_பில் பதில்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரம்.

எக்ஸ்ப்ளெய்ன் அண்ணாவுக்கு முதல் கும்பிடு. லூப்புக்குள் ஒன்று இல்லை, மூன்று குவெரி இருந்தது. 2014-ல் எழுதிய மகான் நான்தான், யாரையும் திட்ட முடியவில்லை. ஒரே குவெரியாகச் சேர்த்து, பில் தேதியில் இண்டெக்ஸும் போட்டேன், 52 விநாடி ரிப்போர்ட் இப்போது 2 விநாடியில் வருகிறது. ஒரு கடைக்காரர் போன் செய்து, "இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கே, கணக்கு சரியா இருக்குமா தம்பி?" என்று கேட்டார். பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

மெய்யெழுத்து சொன்ன கொப்பரை விஷயம் அப்படியே இருந்தது. எங்கள் டேட்டாபேஸில் "கொதிகலன்" இரண்டு தடவை இருந்தது, இரண்டுக்கும் தனித்தனி ஸ்டாக். ஒரு வருஷமாக ஒன்றில் மைனஸ், மற்றதில் தேங்கிக் கிடக்கிறது, ஆள் திருடுகிறான் என்று ஒரு கடையில் சந்தேகமே பட்டிருக்கிறார்கள். அந்தப் பையனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

8-க்கு மாற்றும் வேலை தொடங்கியாகிவிட்டது, மூன்று சமக்குறி வேட்டை நடக்கிறது. பிரிண்டர் புரோகிராமைத் தம்பி கோ மொழியில் நாலு நாளில் எழுதிவிட்டான், முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், ஒற்றை ஃபைலாக வந்ததும் அவனுக்கே குஷி. இரண்டு கடையில் ஓடுகிறது. மூன்றாவது கடையில் திறக்கவே இல்லை, ஏதோ பிழை காட்டி மூடிக்கொள்கிறது. பார்த்தால் விண்டோஸ் 7. எண்ணிப் பார்த்தேன், 40-ல் 11 கடை அப்படித்தான்.

---

துரு_பிடித்தவன் பதில்:

ஐயோ, அதைக் கேட்க மறந்துவிட்டேன். கோ மொழி 1.21-லிருந்து விண்டோஸ் 10 வேணும். 7-ல் ஓடணும் என்றால் 1.20-ல் கம்பைல் செய்யுங்கள், தம்பி புது வசதி எதையும் பயன்படுத்தாமல் இருந்தால் கோடில் பெரிதாக மாற்ற வேண்டியிருக்காது. வேறு மொழிக்குப் போனாலும் தப்ப முடியாது: பைதான் 3.8-ஓடு 7-க்கு ஆதரவை நிறுத்திவிட்டது, ரஸ்ட்டும் 1.78-லிருந்து 10 கேட்கிறது. 1.20-க்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தம் வராது, அதனால் அந்த 11 கடைக்கு மட்டும் தனி ஃபைல் வையுங்கள், இணையத்தை நேராகத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பாத்திரக்கடை_பில் பதில்:

1.20-ல் ஓடிவிட்டது, நன்றி. கம்ப்யூட்டரை மாற்றலாமே என்று அந்த முதலாளியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "அது வாங்கினதுலேருந்து ஒரு தொந்தரவும் இல்லையே, உங்க சாஃப்ட்வேர்தான் அடிக்கடி மாறுது" என்றார்.